திரும்பி வந்த ஆட்டையும் திரையில் காட்டுங்கள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள். வராதவர்களுக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படம் வந்து சேர்ந்திருக்கும். "சிரிப்பூட்டிய பழைய தலைப்புகள்" என்ற அங்கத்தில் எட்டு நாளிதழ் நறுக்குகளைத் திரையிட்ட தம்பி, ஏழாவதாக, நான் எழுதியனுப்பிய ஆட்டுச் செய்திக்கு வந்த தலைப்பையும் காட்டினார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு வழியில்லை. ஆனால், தலைப்புப் போட்டவர் ஒருவர், அதற்கு அடி வாங்கியவர் வேறொருவர் என்பதைத் தம்பி எட்டில் ஒன்றுக்குக்கூடச் சொல்லவில்லையே என்ற வருத்தம் வீடு திரும்பிய பிறகும் என்னை விடவில்லை.

முதல் படம், 1948 நவம்பர் 3-இல் சிகாகோ டெய்லி டிரிபியூன் வெளியிட்ட "டுவி ட்ரூமனைத் தோற்கடித்தார்" என்னும் தலைப்பு. அந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் 303 தேர்வாளர் வாக்குகளுடன் வென்ற ட்ரூமன், அந்த இதழையே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம் உலகறிந்தது. அச்சுக்கோப்பாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அந்த நாளிதழ் வழக்கத்தைவிட முன்னதாகவே அச்சேற வேண்டியிருந்தது. வாக்கு எண்ணிக்கை முடியும்வரை காத்திருக்க முடியாமல் தங்கள் வாஷிங்டன் நிருபரின் கணிப்பை நம்பித் தலைப்புப் போட்டார்கள். ஏறக்குறைய 150,000 பிரதிகள் அப்படியே அச்சாகிவிட்டன. இதையும் சொல்லியிருந்தால் சிரிப்பு குறைந்திருக்காது. போகட்டும், இந்தத் தலைப்பில் அவமானப்பட்டது தலைப்புப் போட்டவர்களேதான். அப்படியொரு நியாயம் அபூர்வமாகத்தான் கிடைக்கும் என்பதால் இதை நான் மன்னித்துவிடுகிறேன்.

அமெரிக்காவின் 1948-ஐத் தேடிப் பிடித்த தம்பிக்கு, மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டின் 1948 கண்ணில் படவில்லை. அந்த ஆண்டு ஜூன் 16-இல் இங்குள்ள தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் நாடு முழுவதற்கும் பிரகடனமாகி, 1960 வரை நீடித்த, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்காரர்களுடனான மோதலுக்குப் பெயர் "அவசரகாலம்". போர் என்று சொன்னால் லண்டன் காப்புறுதிக்காரர்கள் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் இழப்பீடு தரமாட்டார்கள் என்பதே அந்தப் பெயருக்குக் காரணம் என்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் நீண்ட அவசரத்தை வேறெந்த நாட்டிலாவது கண்டதுண்டா? முதலாளிமாருக்கு இழப்பீடு, என் தாத்தாவுக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி. இதற்கும் திரையில் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது படத்துக்கும் அதே சிரிப்பொலி எழுந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1912 ஏப்ரல் 15 மாலையில் நியூயார்க்கின் ஈவினிங் சன், டைட்டானிக் கப்பலில் இருந்த அனைவரும் காப்பாற்றப்பட்டதாகத் தலைப்புப் போட்டது. அன்று அதிகாலையிலேயே கப்பல் மூழ்கி, 1,500 பேருக்கு மேல் இறந்துவிட்டிருந்தார்கள். பயணிகள் நலமா என்று விசாரித்த கம்பியில்லாத் தந்தியும், வேறொரு கப்பல் ஹாலிஃபாக்ஸ் நோக்கி இழுத்துச் செல்லப்படுவதாகச் சொன்ன தந்தியும் ஒன்றாய்க் கலந்துபோனதே இதற்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். அன்று மாலை அந்தத் தலைப்பைப் படித்து நிம்மதியாக உறங்கப் போன குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு செய்திகள் கலந்துபோயின என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் ஆட்டுக்கு அது தேவைப்படும்.

ஆண்டு 1983. பகலில் ரப்பர் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்), மாலையில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். ஒரே வாரத்தில் இரண்டு செய்திகளை அனுப்பினேன். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்டிருந்த ஆடு காணாமற்போனது ஒன்று; ஆலயத் தலைவரின் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது மற்றொன்று. நாளிதழில் வந்த தலைப்பு: "நேர்த்திக்கடன் ஆடு மாயம்; ஆலயத் தலைவர் இல்லத்தில் தடபுடல் விருந்து".

நடுவில் ஓர் அரைப்புள்ளி. அதைப் போட்டவர் கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் இருந்தார். நான் லயத்தில் இருந்தேன்.

எழுத்தறியாதவர்களுக்காக மாலையில் நாளிதழை உரக்க வாசித்துக் காட்டும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் இருந்தது. வழக்கமாக வாசிப்பவன் நானே. அன்று வேறொருவர் வாசித்தார். அரைப்புள்ளியில் நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் மீதியை வாசித்தாராம். இருட்டுவதற்குள் என் வீட்டு வாசலில் முப்பது பேர். மாப்பிள்ளை வீட்டார் ஆளனுப்பி விசாரித்தார்கள். என் மனைவி குழாயடிக்குப் போனால் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆடோ மூன்றாம் நாள், இளம் ரப்பர் கன்றுகளுக்கிடையே படர்ந்திருந்த மூடுபயிர்க் கொடியை மென்றுகொண்டு தானாகவே திரும்பி வந்தது. நான் எழுதிக் கேட்டதன் பேரில், பதினொரு நாள் கழித்து, மரண அறிவித்தல்களுக்குக் கீழே நான்கு வரித் திருத்தம் வெளிவந்தது. அதை யாரும் உரக்க வாசிக்கவில்லை.

"இரண்டு செய்திகளையும் ஏன் ஒரே உறையில் அனுப்பினீர்கள்?" என்று கேட்பீர்கள். முத்திரைச் செலவை மிச்சப்படுத்தத்தான். தவறுதான். அடுத்த கேள்விக்குப் போவோம்.

"திருத்தம்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன மனத்தாங்கல்?" என்று ஒருவர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார். வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது, பள்ளிக்கூடப் பாடம்கூடத் தெரியாதவர் என்று விஞ்ஞானி காடார்டை நியூயார்க் டைம்ஸ் 1920-இல் தலையங்கம் எழுதிக் கேலி செய்தது. அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் பறந்துகொண்டிருந்த 1969 ஜூலை 17-இல்தான் தவற்றுக்கு வருந்துவதாகத் திருத்தம் போட்டது. 49 ஆண்டுகள்! காடார்டு 1945-லேயே காலமாகிவிட்டார். திருத்தம் வந்துவிட்டதே என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள், ஐயா.

"உங்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை" என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய குற்றச்சாட்டு. ஆலயத் தலைவர் ஏழு ஆண்டுகள் என்னிடம் பேசவில்லை. பிறகொரு நாள், சாலையோர ஒட்டுக்கடையில் என் எதிரே வந்து அமர்ந்து, இரண்டு தே தாரிக் (தேநீர்) சொல்லிவிட்டு, "ஆனா கிராணி, நல்ல கொழுத்த ஆடு அது" என்றார். நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவருக்கு அந்த உரிமை இருந்தது, எனக்கும் இருந்தது. 1983-இல் பிறந்தே இராத தம்பிக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோனபோது, இன்று பழைய நறுக்குகளைக் கண்டு சிரிப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் நாளிதழ் வாங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள். கேட்கவில்லை.

ஆனால், ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். திங்கட்கிழமை முதல் அந்த நறுக்கு "ஆடு தின்ற நிருபர்" என்ற புதுத் தலைப்புடன் சுற்றுகிறது. ஆட்டை யாரும் தின்னவில்லை என்பதும், அப்போது சந்தேகிக்கப்பட்டவர்கூட நானில்லை என்பதும் ஒருபுறமிருக்க, என் பேத்தியிடம் பள்ளியில், "உன் தாத்தாவா அது?" என்று கேட்டிருக்கிறார்கள். கோலாலம்பூர்க்காரராவது இடப் பற்றாக்குறையால் அரைப்புள்ளி போட்டார். கைப்பேசியில் உங்களுக்கு என்ன இடப் பற்றாக்குறை?

படத்தை நீக்கச் சொல்லி நான் கெஞ்சப் போவதில்லை. அந்த நான்கு வரித் திருத்தத்தின் நறுக்கு என் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. தம்பி வீட்டுக்கு வந்தால் படமெடுத்துக்கொள்ளலாம். பசியாறிவிட்டே போகலாம், ஆட்டுக்கறி மட்டும் கிடைக்காது.