ஏழு புத்தகம் காணோம்

போன வாரம் எங்கள் பள்ளி நூலகத்தின் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்தோம். ஏழு புத்தகம் குறைகிறது. நூலகப் பொறுப்பு என்னிடம் என்பதால் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்க ஆரம்பித்து 19 வருஷம் ஆகிறது. பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அரையாண்டு முடிந்ததும் "மினிமம் மெட்டீரியல்" கைக்கு வந்துவிடும். இந்த நாலு பாராகிராஃப், இந்த மெமரி போயம், இந்த லெட்டர், இதைப் படித்தால் 35 நிச்சயம். பிள்ளைகளும் உருப்போட்டு எழுதிவிடுவார்கள். ஒரு வருஷம் வகுப்பில் பாதிப் பேர் வாங்கியிருந்த கைடில் ஒரு வாக்கியம் நடுவில் விட்டுப்போயிருந்தது. திருத்தும்போது பார்த்தால், கட்டு முழுக்க அதே இடத்தில் அதே வாக்கியம் இல்லை. கைடு வாங்காதவர்களும் வாங்கியவர்களைப் பார்த்து எழுதியிருந்தார்கள்! ஒருத்தர்கூட "என்னடா இது, இங்கே அர்த்தமே வரலையே" என்று நிற்கவில்லை. அர்த்தம் வரும் என்று அவர்களிடம் யார் சொன்னது?

இதில் என் பங்கும் உண்டு. முதல் பத்து வருஷம் நானும் ஒவ்வொரு வரியாக வாசித்து, உடனே தமிழில் சொல்லி, கஷ்டமான வார்த்தைக்கு அடிக்கோடு போடச் சொல்லித்தான் நடத்தினேன். வரிக்கு வரி நிறுத்தினால் கதை எங்கே ஓடும்? சினிமா பார்க்கும்போது ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது நிறுத்தி விளக்கம் சொன்னால் நாம் உட்கார்ந்திருப்போமா?

மாறியது 'தி லாஸ்ட் லெஸன்' பாடத்தில். அல்ஃபோன்ஸ் டோடே எழுதிய கதை, பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. 1870-71 போரில் ஜெர்மானியரிடம் பிரான்ஸ் தோற்ற பிறகு, அவர்கள் கைக்குப் போன அல்சாஸ் பகுதிப் பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டும்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. பிரெஞ்சு வாத்தியாருக்கு அன்றுதான் கடைசி வகுப்பு. நான் வழக்கம்போல "நோட்டீஸ் போர்டில் என்ன ஒட்டியிருந்தார்கள்?" என்று கேள்வி பதிலுக்குப் போய்விட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், இது நம்ம ஊர்ல ஹிந்தி வேணாம்னு சண்டை போட்டாங்களே, அந்த மாதிரியா?" அவன் தாத்தா 1965 போராட்டத்தில் ஊர்வலம் போனவராம்.

அப்புறம் மூன்று பீரியட் போனது. முழுக்கத் தமிழில்தான் பேசினோம். அப்போ நாம ஏன் மிஸ் இங்கிலீஷ் படிக்கிறோம் என்று ஒரு பெண் கேட்டாள். என்னிடம் நேரான பதில் இல்லை. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடமே வேறு. வாத்தியார் அன்று பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதில்லை. பாடம் நடத்தாமல் தன் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பியதையும், மீன் பிடிக்கப் போக ஆசை வந்தால் லீவு விட்டதையும் அவரே ஒத்துக்கொள்கிறார். அதை வாசித்தபோது வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது (வீட்டு மாவு பாக்கெட் வாங்கிவர ஒருமுறை ஆள் அனுப்பியிருக்கிறேன், மறக்கவில்லை போல). அந்தப் பக்கத்தை அவர்களாகவே திரும்ப வாசித்தார்கள். தப்பும் தவறுமாக, எழுத்துக்கூட்டி, ஆனால் வாசித்தார்கள்.

அதிலிருந்து வாரத்தில் ரெண்டு நாள், பீரியடில் கடைசிப் பத்து நிமிஷம், நான் சத்தமாகக் கதை வாசிப்பேன். நிறுத்த மாட்டேன், மொழிபெயர்க்க மாட்டேன், முடிந்ததும் கேள்வி கேட்க மாட்டேன். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். பின்னால் கேள்வி வரும் என்று தெரிந்தால் பிள்ளை கதையைக் கேட்காது, விடையைத் தேடும். அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பரின் பேய்க் கதையில் அம்மா பக்கத்து வீட்டு ஜன்னலில் ஷூவை எறிந்துவிட்டு, கண்ணாடி உடைகிற ஜோரில் இன்னொன்றையும் எறியப் பார்ப்பார். நான் கையை ஓங்கிக் காட்டியதும் சிரித்தார்கள் பாருங்கள், பாதி வார்த்தை புரியாமலே.

சரி, நூலகப் பீரோவுக்கு வருகிறேன். நிறைய பள்ளிகளில் புத்தகம் இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது. காரணம் சோம்பேறித்தனம் இல்லை, பயம். பொறுப்பை ஒப்படைக்கும்போது எண்ணிக்கை குறைந்தால் கைக்காசு போட வேண்டும். அதனால் ஆங்கிலப் புத்தகங்கள் அரிக்காமல் கிழியாமல் புத்தம் புதிதாக இருக்கும். அதைவிட அசிங்கம் ஒரு நூலகத்துக்கு வேண்டுமா?

நான் சாவியை ஒன்பதாம் வகுப்பு லீடரிடம் கொடுத்தேன். முதலில் யாரும் எடுக்கவில்லை. அவர்கள் மட்டத்துக்கு வாசிக்க முடிந்தது படம் போட்ட சின்னப் புத்தகம்தான், அதைத் தொட ஒன்பதாவது பையனுக்கு வெட்கம். "வீட்டில் தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டணும், அதுதான் வீட்டுப்பாடம்" என்றேன். வெட்கம் போனது. தம்பி தங்கை இல்லாதவன் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொண்டுபோனான். இப்படியே ஸ்டோரிவீவர் என்ற குழந்தைக் கதை இணையதளத்திலிருந்தும் இலவசமாக எடுத்து அச்சடித்துக் கொடுத்தேன்.

"ரிசல்ட் என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. இப்போதும் பிப்ரவரி வந்தால் நானும் மினிமம் மெட்டீரியலைத்தான் கையில் எடுக்கிறேன், பொய் சொல்லக் கூடாது. முதலில் அவர்கள் தமிழே சரளமாக வாசிக்க வேண்டும் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. என் பீரோவிலிருந்து அதிகம் போனது தமிழ்ப் புத்தகம்தான்.

காணாமல்போன ஏழில் நாலு தமிழ், மூன்று ஆங்கிலம். மூன்று! ஒன்று யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கேட்கப் போவதில்லை. மொத்தம் நானூறு ரூபாய் சொச்சம் வருகிறது. இந்த மாதச் சம்பளத்தில் கட்டிவிடுகிறேன்.