எல் கேப்பிட்டனில் பாராசூட் பழுதாகவில்லை

‘கலிபோர்னியாவில் மலை உச்சியிலிருந்து குதித்த பெண்ணின் பாராசூட் பழுதாகி விரியவில்லை’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சம்பவம் உண்மை, சொல்லும் காரணம் தவறு.

1999 அக்டோபர் 22, யோசெமிட்டி தேசியப் பூங்கா. எல் கேப்பிட்டன் பாறை ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அங்கிருந்து பாராசூட்டில் குதிக்கத் தடை உண்டு. அதை எதிர்த்து, இந்த விளையாட்டு பாதுகாப்பானது என்று காட்டத்தான் அன்று சிலர் குதித்தார்கள். முதல் மூவர் பத்திரமாக இறங்கினர். நான்காவதாகக் குதித்த 60 வயது ஜேன் டேவிஸ் இறந்தார்.

பிடிபட்டால் கருவிகளைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். சொந்தக் கருவியை இழக்க வேண்டாமே என்று டேவிஸ் இரவல் பாராசூட்டில் குதித்தார். அங்கேதான் சிக்கல். பெரிய பாராசூட் தானாக விரியாது. ஒரு குட்டி பாராசூட்டைக் கையால் உருவிக் காற்றில் வீச வேண்டும், அது இழுத்துத்தான் பெரியது வெளியே வரும். டேவிஸின் வழக்கமான கருவியில் அந்தக் குட்டி முதுகுப் பக்கம் இருக்கும். இரவல் கருவியில் அது காலில் இருந்தது. கீழே விழும் சில விநாடிகளில் கை பழகிய இடத்தைத்தானே தேடும்!

அப்புறம், அதே ஆண்டு ஜூனில் இறந்த ஃபிராங்க் கம்பாலியையும் பாராசூட் விரியாமல் இறந்தவர்கள் பட்டியலில் சேர்க்கிறார்கள். அவரும் எல் கேப்பிட்டனிலிருந்து குதித்தவர்தான், ஆனால் பத்திரமாகத் தரையிறங்கியவர். பூங்காக் காவலர்களிடமிருந்து தப்பி ஓடியபோது மெர்செட் ஆற்றில் மூழ்கித்தான் இறந்தார்.