ஒரே ஊசியில் அதிமனிதன்

அறிவியல் புனைகதை என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே மாயாஜாலக் கதையை விற்பவர்களை என்னால் இனிமேலும் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆய்வகத்தில் ஒரு குப்பி உடைகிறது, நாயகன் மயங்கி விழுகிறான், விடிந்ததும் சுவரைப் பிளக்கிறான். அந்த இரவில் அவன் உடலுக்குள் என்னதான் நடந்தது என்று கேட்டால், மரபணு மாறிவிட்டதாம். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது.

மனிதன் மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறான் என்ற பழைய புளுகை இன்னும் எத்தனை காலத்துக்கு ஓட்டுவார்கள்? உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை விழுங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட உறுப்பில் பத்தில் ஒன்பது பங்கை உடல் சும்மா வைத்துச் சோறு போடுமா?

அண்மையில் படித்த கதையொன்றில், நாற்பது டன் லாரியை நாயகன் நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். எரிச்சல் தாங்காமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூக்குவதற்கு மட்டுமே 9,000 கிலோகலோரிக்கு மேல் வேண்டும்; தசை, தான் எரிக்கும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால், அதைப்போல் மூன்று மடங்கு வெப்பம் அவன் உடலுக்குள்ளேயே தங்கி, இரத்தத்தைக் கொதிக்க வைத்துவிடும். அவனுக்கோ நெற்றியில் ஒரு துளி வியர்வைகூட இல்லை. அடுத்த பக்கத்தில் காதலியோடு நிதானமாகக் காபி குடிக்கிறான், அதுவும் பாதிக் கோப்பைதான்!

கதைதானே, விட்டுத்தள்ளுங்கள் என்று சமாதானம் சொல்ல வருகிறவர்கள்மீதுதான் எனக்கு இன்னும் அதிகக் கோபம் வருகிறது. மந்திரக் கதை என்று சொல்லிவிட்டு எழுதினால் நானும் வாயை மூடிக்கொண்டு ரசித்திருப்பேன். அறிவியலின் பெயரைச் சொல்லிக்கொண்டு, அது கையில் கொடுக்கும் கதையை ஏன் வீணடிக்க வேண்டும்? ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டா, 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். பிறவியிலேயே வாய்த்த மரபணுப் பிறழ்வால் அவர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட மிக அதிகம். உயிர்வளியை அள்ளிச் செல்லும் அந்த இரத்தம் தடித்தும் போகும் என்பதில் ஒரு முழு நாவலுக்கான பதற்றம் இருக்கிறது. எல்ஆர்பி5 என்ற மரபணுவின் ஒரு பிறழ்வு எலும்பை எளிதில் முறியாதபடி அடர்த்தியாக்கிவிடுகிறது. 2002இல் ஆய்வாளர்கள் விவரித்த அத்தகைய குடும்பமொன்றில், தாடை அகன்று, வாயின் மேலண்ணத்தில் எலும்பு புடைத்திருந்ததோடு, சிலருக்குத் தண்ணீரில் மிதப்பதே பெரும்பாடாக இருந்திருக்கிறது. நம் கதாசிரியர்களின் இரும்பெலும்பு நாயகனோ, முதல் அத்தியாயத்தில் எலும்பு இறுகி, இரண்டாம் அத்தியாயத்திலேயே நடுக்கடலில் குதித்து, மூழ்கும் கப்பலைச் சுற்றி மீன்போல நீந்திக்கொண்டிருக்கிறான்.