10 சதவீதமும் 2 மைலும் சட்டம் அல்ல

‘பிரிட்டனில் மணிக்கு 30 மைல் வேக வரம்புள்ள சாலையில் 35-ஐத் தொடாதவரை போகலாம், வரம்புக்கு மேல் 10 சதவீதமும் 2 மைலும் சட்டமே விட்டுக்கொடுக்கிறது’ என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. அது காவல்துறைத் தலைவர்களின் வழிகாட்டுதல் மட்டுமே. 30-ஐத் தாண்டினாலே குற்றம்தான். விடுவதும் பிடிப்பதும் அவர்கள் விருப்பம்.

‘முள் 34-இல் இருந்தும் எனக்கு ஒன்றும் வரவில்லையே’ என்று நீங்கள் கேட்கலாம். சரி, ஆனால் ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். குறைத்துக் காட்ட விதி அனுமதிக்காது. நிஜத்தில் 31, 32-இல் போயிருப்பீர்கள்.

மாட்டினால் குறைந்தது 100 பவுண்டு, லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளி. சிலருக்கு அதற்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்பு கிடைக்கும், அதையும் கேட்டு வாங்க முடியாது. லைசென்ஸ் எடுத்து 2 வருடம் ஆகாதவர் 6 புள்ளி சேர்த்தால் லைசென்ஸே போய்விடும். அப்புறம் எல்லாம் முதலிலிருந்து.