யானை மேலிருந்த இளவரசன்

949இல் தக்கோலத்தில் சோழர் தோற்றதற்கு தக்காணத்தை ஆண்ட இராட்டிரகூடரின் படைப் பெருக்கமே காரணம் என்று தக்கோலப் போர் பற்றிய உங்கள் கட்டுரை முடித்துவிட்டது. எனக்கு அது போதவில்லை. சோழப் படையை நடத்திய இளவரசன், முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் திடீரென்று போய் மாட்டிக்கொண்டவன் அல்ல. பல ஆண்டுகளாகத் திருமுனைப்பாடி நாட்டில் (இன்றைய கடலூர், விழுப்புரம் பகுதி) படையோடு தங்கி, வடக்கிலிருந்து வரப்போகும் தாக்குதலை எதிர்பார்த்திருந்தவன்.

சிக்கல் அவன் இருந்த இடத்தில். யானை மேல் இருக்கும் தலைவனைத் தன் படை முழுக்கப் பார்க்கும், எதிரியும் பார்ப்பான். இராட்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்றதாகக் கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. சோழர் செப்பேடோ இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் அம்புகள் என்கிறது. எப்படியானாலும் சாவு யானை மேல்தான். அவன் விழுந்ததும் படையை யார் நடத்துவது? அதற்கு ஏற்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. 1066இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போரில், படையெடுத்து வந்த நார்மண்டி கோமகன் வில்லியம் இறந்துவிட்டான் என்று வதந்தி பரவியபோது, அவன் தலைக்கவசத்தைத் தூக்கி முகம் காட்டி ஓடியவர்களைத் திருப்பினான். இராசாதித்தனுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

அதே ஆதகூர்க் கல், காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற வேட்டை நாய்க்கும் நினைவுக்கல் என்பது தனிக்கதை!

அப்புறம், கட்டுரையில் வெள்ளன் குமரனைக் காணோம். இராசாதித்தனின் சேரநாட்டுத் தளபதி அவர். தலைவனோடு களத்தில் சாக முடியவில்லையே என்று துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் திருவொற்றியூர் மடத்தில் இருந்தார். அவரைப் பற்றியும் எழுதுங்கள்.