முடிந்தது என்று சொன்னால் கைவிட்டது ஆகிவிடுமா?

நான் நடத்தைப் பகுப்பாய்வாளர், குழந்தைகளின் நடத்தையில் மாற்றம் கொண்டுவர உதவுவது என் வேலை. ஒரு குழந்தைக்கு வைத்த இலக்குகள் முடிந்துவிட்டன, இனி என் செஷன் தேவையில்லை என்று நான் சொன்னதற்கு ‘குழந்தையைக் கைவிட்டாள்’ என்று என்னைப் பற்றி ஒரு பதிவு. எல்லோரும் படித்திருப்பீர்கள், மறுபடி விவரிக்க மனமில்லை. அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசவும் மாட்டேன். அதனால்தான் எனக்காக வாதாடக்கூட வழியில்லாமல் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததை முடிந்தது என்று சொல்வது கைவிடுவது ஆகாது. நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றிதழ் வாரியத்தின் நெறிமுறைகள் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. இலக்குகள் எல்லாம் எட்டப்பட்டால் சேவையை நிறுத்துவதைப் பரிசீலிக்க வேண்டும் என்று அதன் 3.15ஆவது பிரிவு சொல்கிறது. எப்போது நிறுத்துவோம் என்பது தொடக்க ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், எப்படி நிறுத்துவோம் என்ற திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். திடீரென்று கதவைச் சாத்துகிற வேலையா இது? செஷன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நான் செய்ததை அம்மாவும் அப்பாவும் டீச்சரும் செய்யப் பழகி, அப்புறம்தான் விலகுகிறோம்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பையன் விஷயத்தில் நானும் விலகாமல் இருந்திருக்கிறேன். பெற்றோர் பயந்தார்கள், எனக்கும் அந்தப் பையனை விட மனசு வரவில்லை, இலக்குகள் முடிந்த பிறகும் எட்டு மாதம் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அவன் அம்மா “தண்ணீர் வேணுமா?” என்று கேட்டார். அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தான். தன் தாகத்துக்கு என் அனுமதி. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பழைய பிரச்சினை திரும்பி வந்தால் என்ன செய்வது என்கிறீர்கள். சரி, நியாயமான பயம்தான். கூப்பிடுங்கள், வருகிறேன்.

ஆனால் ‘பணம் கொடுக்கப் பெற்றோர் தயார், உனக்கென்ன?’ என்று ஒருவர் கேட்டிருந்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நேரம் குழந்தையுடையது. விளையாட, சண்டை போட, ஒன்றும் செய்யாமல் சும்மா கிடக்க. தேவையில்லாமல் அதில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு நான் பணமும் வாங்கினால் அதற்கு என்ன பெயர்? 1968இலேயே எங்கள் துறையின் முன்னோடிகளான பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் எழுதினார்கள், நடத்தையில் வரும் மாற்றம் காலப்போக்கில் நிலைக்க வேண்டும், பல சூழல்களிலும் தெரிய வேண்டும் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தால் அது நிலைத்ததா என்று எப்படித் தெரியும்?

என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. அந்த ‘கைவிட்டாள்’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இனி நானே பார்த்துக்கொள்வேன் என்று இப்போதுதான் தைரியம் வந்த ஓர் அம்மாவும் அதைப் படிப்பார்.