பாஸ் ஆகிவிட்டான், ஆஃப்செட் போடத் தெரியவில்லை

ஓசூர் சிப்காட் பக்கம் யாரைக் கேட்டாலும் "டிரெய்னிங் எல்லாம் ஆன்லைன்ல முடிச்சாச்சு சார்" என்கிறார்கள். முடிந்தது என்றால், பெயருக்கு நேராகப் பச்சை டிக் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஆன்லைனில் படிப்பதையே குறை சொல்லவில்லை. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் 2003-ல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தில் உற்பத்திப் பொறியியல் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அஞ்செட்டியிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வேலைக்கு வருகிற டிப்ளமோ பையன் ஐஐடி பேராசிரியரின் பாடத்தை போனிலேயே கேட்க முடிவது சின்ன விஷயமா? ஆனால் அங்கேயும் சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். நம் கம்பெனிகள் வீடியோவை எடுத்துக்கொண்டு, நேரில் சோதிப்பதை விட்டுவிட்டன.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷினான சிஎன்சி லேத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் இன்செர்ட் என்ற வெட்டும் முனை தேயத் தேய, கடையும் பீஸின் வெளிவிட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். மைக்ரோமீட்டரில் அளந்து, கூடியதை ஆஃப்செட்டில், அதாவது மெஷினில் அடிக்கும் திருத்த அளவில், மைனஸாகக் கொடுக்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் கொடுக்க வேண்டிய இடத்தில் 0.5 என்று அடித்தால் விட்டம் தேவைக்கு மேல் குறைந்து பீஸ் ஸ்கிராப். மைனஸ் போட மறந்தால் பீஸ் இன்னும் பெரிதாகும்; அதையாவது மறுபடி கடைந்து காப்பாற்றலாம். கோர்ஸில் "ஆஃப்செட் என்றால் என்ன?" என்று கேட்டு நான்கு விடை கொடுக்கிறார்கள். பையன் சரியாகத் தொட்டு நூற்றுக்கு நூறு வாங்கிவிடுகிறான். மெஷின் முன்னால் நிறுத்தினால், மைக்ரோமீட்டரில் அழுத்தம் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும் ராட்செட் என்ற கடைசிக் குமிழை விட்டுவிட்டு, திம்பிள் என்ற சுழலும் உருளையைப் பிடித்து இறுக்குகிறான். அளவே தப்பு, அப்புறம் எங்கே ஆஃப்செட்!

மொழி அடுத்த தலைவலி. ஒரே ஷிஃப்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா பேசுகிறவர்கள் நிற்கிறார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வரும் வீடியோவோ ஆங்கிலத்தில் ஓடுகிறது, கீழே யாருக்கும் புரியாத தமிழ். அதைவிட, மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கும் அனுபவமுள்ள செட்டர் ஒருவர் நம் மெஷினிலேயே வேலை செய்வதை இரண்டு நிமிடம் போனில் எடுத்தால் போதும். பேச்சே வேண்டாம், கையும் திரையும் தெரிந்தால் சரி. அதற்கு ஒரு கியூஆர் கோடு போட்டு மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். தயவுசெய்து வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள். மறுநாள் காலை வணக்கங்களுக்கு அடியில் அது புதைந்துவிடும்.

ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார வைப்பதும் வீண். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால்தான் நிற்கும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் தன் மேலேயே சோதனை செய்து 1885-ல் எழுதி வைத்துவிட்டார். நம் ஆட்கள் இன்னும் மார்ச் கடைசியில் மொத்தக் கோர்ஸையும் முடிக்கச் சொல்லித் துரத்துகிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது நேர விஷயத்தில். நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிகிறவனிடம் "வீட்டுக்குப் போய் மாடியூலை முடிச்சிடு" என்கிறார்கள். அவன் டேட்டா, அவன் தூக்கம். தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-ல் சேர்த்த 111ஏ பிரிவு, பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய பயிற்சியைத் தொழிலாளியின் உரிமை என்றே சொன்னது. உரிமையை வீட்டுப்பாடமாக்கினால், வீடியோவை ஓடவிட்டுப் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கத்தான் செய்வான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஷிஃப்டுக்குள்ளேயே பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பார்த்து முடித்ததும் செட்டர் பக்கத்தில் நிற்க, ஒரு பீஸை அளந்து ஆஃப்செட் போட்டுக் காட்டட்டும்; டிக் அப்புறம் விழட்டும். சொல்லிக்கொடுக்கும் செட்டருக்கும் வீடியோ எடுப்பவருக்கும் அன்றைய டார்கெட்டில் அந்த நேரத்தைக் கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை கூப்பிட்டால் அவர் வரமாட்டார்.